நாலு அநாதைக் காசு

"கையெழுத்தா? என் கை விழுந்தப்புறம் வேணா கேக்கச் சொல்லு."

நெரிஸ் க்வில்ட் அந்தக் கடிதத்தை பார் மேசைமேல் வீசினாள். பிறகு ஈரத் துணியை எடுத்து மேசை முழுவதையும் துடைத்தாள், கடிதம் கிடந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. வெளியே பான்டிப்ரித் நகரத்துக்கே உரிய மழை, நிற்பதா பெய்வதா என்று தெரியாமல் தூறிக்கொண்டிருந்தது. கிரெய்க் லாஸ் தொழிலாளர் க்ளப் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நாற்காலிகளெல்லாம் மேசைகளின்மேல் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன.

டெக்வென் ஹாப்கின் கடிதத்தை எடுத்து மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தாள். முப்பது வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்தவள். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறாள். அறுபத்தொரு வயது. அவளுக்குப் பின்னால் நின்ற எம்லின் ப்யூ பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன். முதுகு மக்கர் செய்ததும் பஸ்ஸை விட்டான். இப்போது டெக்வெனின் காரை ஓட்டுவது வேலை, வாயை ஓட்டுவது பொழுதுபோக்கு.

"சத்தமா படிங்க மேடம். நானும் கொஞ்சம் கோவப்பட்டுக்கறேன்" என்றான்.

டெக்வென் படித்தாள். "'பாருக்குப் பின்னால் சுவரில் மாட்டியுள்ள கண்ணாடிச் சட்டத்தில் நம் உறுப்பினர்கள் சேர்த்த முப்பது நினைவு நாணயங்கள் இருக்கின்றன. கடந்த செவ்வாய் மாலை அதைக் கடந்து போகையில், கியூ தோட்டத்து ஐம்பது பென்ஸ் நாணயம் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டேன். அரிய 2009 நாணயத்துக்குப் பதிலாக 2019 நாணயம் இருக்கிறது. நான் சட்டத்தைத் தொடவில்லை. கண்ணாடி வழியாக வருஷத்தைப் பார்த்த உடனே கமிட்டிக்குத் தெரிவித்தேன். பிப்ரவரியில் கண்ணாடி மாற்ற அந்தச் சட்டத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றவர் திருமதி க்வில்ட் மட்டுமே. அவர் தவறை ஒப்புக்கொண்டு, தலைவர் தேர்தலிலிருந்து விலகினால் போலீசுக்குப் போகமாட்டோம். ஹெட்லி வான், செயலாளர்.'"

"கடைசி வரியில இருக்கு விஷயம்" என்றான் எம்லின்.

"நாளைக்குப் பதினோரு மணிக்குத் தேர்தல்" என்றாள் நெரிஸ். "ஹெட்லியும் நானும்தான் போட்டி. பின்னால இருக்கற மைதானத்தை ஒரு பில்டருக்கு விக்கணும்னு அவன் நிக்கறான். விக்க விடமாட்டேன்னு நான் நிக்கறேன். இருபத்திரெண்டு வருஷமா இந்த பாருக்குப் பின்னாடி நிக்கறேன். கமிட்டி மேசைக்குத் தலைமாட்டுல ஒரு பொம்பள உக்காந்ததே கிடையாது. அதுதான் அவனுக்கு எரியுது."

"சட்டத்தை எடுத்துட்டுப் போனது நிஜமா?"

"நிஜம். கண்ணாடி விரிஞ்சிருந்தது. மாத்தினேன். ரசீது இருக்கு. அந்தக் கியூ காசு எப்படி வந்துச்சு தெரியுமா டெக்வென்? ஒரு சனிக்கிழமை ரக்பி முடிஞ்சு கூட்டம் நெரியுது. கல்லாவுல விழுந்தது. நான்தான் பாத்தேன், நான்தான் எடுத்து வெச்சேன், பதிலுக்கு என் பர்ஸ்லேந்து அம்பது பென்ஸ் போட்டேன். எனக்கு வேணும்னா அன்னிக்கே பையில போட்டிருப்பேன். யாருக்குத் தெரியும்?"

"சட்டம் இப்ப எங்க?"

"கமிட்டி அலமாரியில. செவ்வாக்கிழமை ராத்திரியே ஆறு பேர் முன்னாடி டேப் ஒட்டி சீல் வெச்சாச்சு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் பிரிக்கணும்னு நான்தான் பிடிவாதமா சொல்லியிருக்கேன்."

டெக்வென் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பிரிச்சு உள்ள 2019 இருந்தா?"

"இருக்கும். அவன் வெச்சிருப்பான். அப்பவும் கையெழுத்துப் போடமாட்டேன்."

காருக்கு வந்ததும் எம்லின் வைப்பரைப் போட்டுவிட்டு, சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான். நெரிஸ் ஊற்றித் தந்த பீரை அவன் பதினைந்து வருஷமாகக் குடிக்கிறான். ஒரு தடவைகூட மிச்சக் காசு தப்பாக வந்ததில்லை. ஆனாலும் சட்டத்தை வீட்டுக்கு எடுத்துப் போனவள் அவள் ஒருத்திதான் என்பது அவனைக் குத்தியது.

"மேடம், ஒருவேளை..."

"அந்த 'ஒருவேளை'ய மார்க்கெட்டுக்கு ஓட்டிட்டுப் போ. யான்டோகிட்ட கேப்போம்."

*

யான்டோ மார்க்கெட்டுக்குள் சீஸ் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே ஒரு அலமாரி அகலத்தில் நாணயக் கடை வைத்திருந்தான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாணயச் சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவன். காசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாடிக்கையாளர் பஸ்ஸைத் தவறவிடுவது நிச்சயம்.

"கியூவா? தினம் பத்து பேர் கொண்டு வர்றாங்க மாப்ளே" என்றான் எம்லினிடம். "பத்துல ஒன்பது பேரு வேற ஏதோ காசைக் காட்டி, இது லட்சம் போகுமாங்கறான். பேப்பர்ல எவனோ எழுதிட்டானாம். உள்ளத சொல்றேன் கேளு. 2009ல அடிச்சது ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் காசு. நாட்டுக்கே அவ்வளவுதான். அதனால நூறு, நூத்தம்பது பவுண்டுக்குப் போகும். லட்சமெல்லாம் கிடையாது."

"2019 காசு?" என்று கேட்டாள் டெக்வென்.

"அது வேற கதை." யான்டோ இரண்டு நாணயங்களை எடுத்துப் பச்சைத் துணிமேல் வைத்தான். இரண்டிலும் ஒரே சீனக் கோபுரம், அதைச் சுற்றி ஏறும் கொடி, கீழே 1759, 2009 என்ற எண்கள். "எது புதுசு, எது பழசு, சொல்லு பாப்போம்."

எம்லின் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், மூக்கு இடிக்கும்படி பார்த்தான். "ரெண்டும் ரெட்டைப் புள்ளை மாதிரில்ல இருக்கு."

"அதேதான். இந்தப் பக்கத்துல இருக்கறது தோட்டத்தோட வயசு. 1759ல ஆரம்பிச்சாங்க, 2009ல இருநூத்தம்பது வருஷம். அது மாறாது. காசு எப்ப பொறந்துச்சுங்கறது வேற. அம்பது பென்ஸ் காசு வந்த அம்பதாவது வருஷக் கொண்டாட்டத்துக்காக 2019ல பழைய டிசைன்ல சிலதை மறுபடி அடிச்சாங்க. பெட்டியில போட்டு, அஞ்சு காசு ஒரு செட். சேகரிக்கறவங்களுக்கு மட்டும். கடைத்தெருவுக்கு விடவேயில்ல."

டெக்வென் அந்த இரண்டு கோபுரங்களையும் வெகுநேரம் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஹெட்லியின் கடிதத்தை எடுத்து ஒருமுறை படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்து இன்னொரு முறை படித்தாள். உதட்டோரம் லேசாகக் கோணியது.

"என்ன மேடம்?"

"பாதி கிடைச்சிருச்சு."

"எனக்கும் பாதி தாங்களேன்."

"உன் வாய்க்குக் கதவு கிடையாது. நாளைக்குத் தெரிஞ்சுக்கோ." அவள் யான்டோ பக்கம் திரும்பினாள். "அஞ்சு காசு செட்டுன்னு சொன்னே. கியூவ மட்டும் உருவிட்டா மிச்சம்?"

"நாலு அநாதை. ஓடறவன் காலு, கடிகாரம் இருக்குமே, ஒரு மைல் ஓட்டம், அது ஒண்ணு. சாரணர், சாரணியர், அப்புறம் பழைய மாடல்ல உக்காந்திருக்கற பிரிட்டானியா. செட்டைப் பிரிக்கறவன் முட்டாள். நாலையும் தனித்தனியா வித்தாலே நல்ல விலை போகும்."

"யாராவது விக்க வந்தாங்களா?"

"இல்ல. வந்திருந்தா விட்டிருப்பேனா?"

"அப்ப விலை தெரியாத ஆள். பேப்பர்ல வர்ற கியூ மட்டும் தெரிஞ்ச ஆள்." டெக்வென் கையுறையை மாட்டிக்கொண்டாள். "எம்லின், ஹெட்லிய உனக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?"

"க்ளப்ல டாய்லெட் பேப்பர் ரோலை எண்ணி வெக்கற ஆள் மேடம் அவர். கிறிஸ்துமஸ்க்கு எனக்கு வாழ்த்து அட்டை குடுத்தார். உள்ள வேற யாரோ அவருக்குப் போட்ட கையெழுத்து இருந்தது."

"அந்த மனுஷன் நாலு அம்பது பென்ஸைக் குப்பையில போடுவாரா?"

எம்லின் யோசிக்கவே இல்லை. "உயிரோட இருக்கறவரைக்கும் மாட்டார். ரெண்டு பவுண்டாச்சே."

"செலவழிப்பார். ஆனா எங்க? க்ளப்ல முடியாது. கல்லாவுல விழற ஒவ்வொரு அம்பது பென்ஸையும் நெரிஸ் திருப்பிப் பாப்பா. அந்தக் கண்ணு படாத கல்லா, கிட்டக்க எங்க இருக்கு?"

எம்லினின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்கு அவனைவிடத் தகுதியானவன் ஊரில் கிடையாது.

"எதுத்தாப்ல. ஷோனெட்டோட சிப்ஸ் கடை."

*

மதிய நெரிசல் ஓய்ந்து, ஷோனெட் எண்ணெய்ச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, தோள்பட்டை அகலம், யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள், திட்டும்போதும்.

"பளபளன்னு அம்பது பென்ஸா? இருக்கு கண்ணு, நாலு. கள்ளக்காசுன்னு நினைச்சுத் தனியா வெச்சிருக்கேன். திங்கக்கிழமை பேங்க்ல கேக்கலாம்னு."

வினிகர் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து ஒரு தேநீர்க் கோப்பையை எடுத்துக் கவிழ்த்தாள். எம்லின் ஒன்றை எடுத்தான். ஓடும் கால்கள், பின்னால் கடிகாரம். திருப்பினான். ராணி. தலைக்குக் கீழே 2019. இன்னொன்று. 2019. மூன்றாவதையும் நான்காவதையும் திருப்பினான். அவையும் அதே வருஷம்.

"மேடம், அநாதை நாலும் ஒரே விடுதியில தங்கியிருக்கு!"

"யார் குடுத்தது ஷோனெட்?"

"மறக்க முடியுமா? ஹெட்லி வான். செவ்வாக்கிழமை மதியம். எப்பவும் கார்டைத்தான் நீட்டுவார். அன்னிக்கு இந்த நாலையும் தட்டுல வெச்சார். அதுக்கு முன்னாடி கால் மணி நேரம் சண்டை. சிப்ஸ்மேல ஊத்தற கறி சாஸை ஒண்ணே முக்கால்லேந்து ரெண்டு பவுண்ட் ஆக்கிட்டேனாம். பின்னாடி ஏழு பேர் நிக்கறாங்க, கால் பவுண்டுக்காக அரசாங்கத்துக்கு எழுதுவேங்கறார்."

டெக்வென் அஞ்சு காசு செட் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு க்ளப்ல வந்து இதைச் சொல்லணும்."

ஷோனெட்டின் கை நின்றது. கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டியது.

"அது முடியாது கண்ணு. வெள்ளிக்கிழமைதோறும் க்ளப்புக்கு நாப்பது தட்டு மீன் அனுப்பறேன். அந்த பில்லுல கையெழுத்துப் போடறவர் அவர். அந்த நாப்பது தட்டு போச்சுன்னா என் கடை வாடகை போச்சு."

"நெரிஸோட மானமே போகுது" என்றான் எம்லின். இந்த முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"தெரியும்" என்றாள் ஷோனெட். "போங்க. கடை கழுவணும்." கோப்பையை அவள் தரவில்லை. டெக்வென் கேட்கவும் இல்லை.

*

சனிக்கிழமை பதினோரு மணிக்கு க்ளப் கூடத்தில் நிற்க இடமில்லை. நீள மேசையின் ஓரத்தில் ஹெட்லி வான் குறிப்பேட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சீவிப் படிய வைத்த நரை. தலைவர் நாற்காலி காலியாக இருந்தது.

"நண்பர்களே, நமக்குள்ளேயே முடிச்சுக்கலாம்னுதான் பாத்தேன்" என்றார் அவர். "நெரிஸ், கடைசியா கேக்கறேன். கையெழுத்துப் போடு. ஊர் சிரிக்க வேண்டாம்."

நெரிஸ் கூடத்தின் நடுவில் நின்றாள். பார் அங்கியைக் கழற்றாமலே வந்திருந்தாள்.

"ஊர் சிரிக்கட்டும் ஹெட்லி. ஊர் எல்லாம் இங்கதான் இருக்கு. பிரிங்க அந்தச் சட்டத்தை."

டேப்பைக் கிழித்துச் சட்டத்தை வெளியே எடுத்தார்கள். டெக்வென் எழுந்தாள். "பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். எம்லின், அதைத் தூக்கிக்கிட்டு ஒரு சுத்து வா. எல்லாரும் கண்ணாடி வழியா கியூ காசைப் பாருங்க. என்ன வருஷம் தெரியுது?"

எம்லின் வரிசை வரிசையாக நடந்தான். மூக்குக் கண்ணாடிகள் நெற்றியிலிருந்து இறங்கின.

"ஆயிரத்து எழுநூத்தி அம்பத்தொன்பது."

"ரெண்டாயிரத்து ஒன்பது."

"2009தான் போட்டிருக்கு. அப்ப ஒரிஜினல்தானே?"

ஹெட்லி குறிப்பேட்டின் பக்கத்தைப் புரட்டினார். புரட்டிய பக்கத்தையே திரும்பப் புரட்டினார்.

"இப்ப பிரி" என்றாள் டெக்வென்.

எம்லின் பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றி, அட்டைக்குள் அழுந்தியிருந்த நாணயத்தை நெம்பி எடுத்தான். திருப்பினான். ராணி. 2019.

கூடம் சலசலத்தது. "நான் சொன்னேன்ல?" என்றார் ஹெட்லி. குரலில் பழைய உரம் திரும்பியிருந்தது.

"சொன்னீங்க. எழுதியே குடுத்தீங்க." டெக்வென் கடிதத்தை உயர்த்தினாள். "'நான் சட்டத்தைத் தொடவில்லை. கண்ணாடி வழியாக வருஷத்தைப் பார்த்தேன்.' இந்தக் காசு அடிச்ச வருஷம் ராணி பக்கத்துல மட்டும்தான் இருக்கு. ராணி பக்கம் அட்டைக்குள்ள முகத்தைப் பொதைச்சுக்கிட்டு இருந்தது. கோபுரப் பக்கத்துல, எந்தக் காசானாலும் 2009தான். இங்க எண்பது பேர் பாத்தாங்க, ஒருத்தருக்கும் 2019 தெரியல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

எம்லின் வாயைப் பிளந்தான். நேற்று மார்க்கெட்டில் மூக்கு இடிக்கப் பார்த்தவன் அவன்தான்!

ஹெட்லி ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்தார். பிறகு, எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, சிரித்தார்.

"சரி, ஒத்துக்கறேன். தொட்டேன். சந்தேகம் வந்தது, கழட்டிப் பாத்தேன், திருப்பி வெச்சேன். கடிதத்துல அதை விட்டது தப்புதான். அதனால? உள்ள 2019 இருந்தது. அதை யார் வெச்சது? வீட்டுக்குக் கொண்டு போனவங்கதானே? செயலாளர் சட்டத்தைத் திறந்து பாக்கறது குத்தமா?"

முன்வரிசையில் இரண்டு தலைகள் ஆமாம் என்று ஆடின. பின்னால் யாரோ கைகூடத் தட்டினார்கள். எம்லின் வாசலைப் பார்த்தான். யாருமில்லை. டெக்வென் கடிதத்தை மடித்தாள்.

நெரிஸ் தலைகுனியவில்லை. "இன்னும் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள். "போலீஸைக் கூப்பிடு. கூப்பிடு ஹெட்லி. போன் பாருக்குப் பின்னாடி இருக்கு, வழி தெரியும்ல?"

"போலீஸ் வர்றதுக்குள்ள எனக்குக் கடை திறக்கணும்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஷோனெட். மாவு படிந்த கையில் தேநீர்க் கோப்பை. கூட்டம் தானாக வழிவிட்டது. அவள் நேராக நீள மேசைக்குப் போய், ஹெட்லியின் குறிப்பேட்டின்மேல் கோப்பையைக் கவிழ்த்தாள். நாலு காசும் உருண்டு அடங்கின.

"செவ்வாக்கிழமை கறி சாஸுக்கு நீங்க குடுத்தது கண்ணு. நாலும் 2019. பெட்டியில மட்டுமே வர்ற செட்டாமே, அஞ்சு காசு? அஞ்சாவது அதோ எம்லின் கையில இருக்கு."

"இது... யார் வேணா குடுத்திருக்கலாம்..."

"கால் பவுண்டுக்குக் கால் மணி நேரம் சண்டை போட்டது யார் வேணாவா? உங்களுக்குப் பின்னாடி வரிசையில நின்ன ஏழு பேர்ல மூணு பேர் இங்கயே உக்காந்திருக்காங்க."

"நான் நின்னேன்!" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. "என் மீன் ஆறிப்போச்சு!"

சிரிப்பு முதலில் அங்கேதான் கிளம்பியது. பிறகு கூடம் முழுக்கப் பரவியது. ஹெட்லியின் காது நுனிகள் சிவந்தன.

"நாப்பது தட்டு என்ன ஆகும்?" என்று எம்லின் ஷோனெட்டின் காதில் கேட்டான்.

"போனா போகுது. ராத்திரி முழுக்கத் தூக்கமே வரல கண்ணு."

ஹெட்லி பர்சைத் திறந்தார். சின்ன பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நெரிஸ் அதைத் திருப்பினாள். 2009. புழங்கித் தேய்ந்து, ஓரத்தில் அவளுக்குப் பழக்கமான ஒரு கீறல்.

"விலையுள்ள காசைத் தேடி எடுத்தீங்க" என்றாள் டெக்வென். "மிச்ச நாலும் நல்ல விலை போகும்னு தெரியாம சாஸுக்குக் குடுத்துட்டீங்க."

"நான் ராஜினாமா பண்றேன்" என்றார் ஹெட்லி தாழ்ந்த குரலில். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "உடம்பு சரியில்லன்னு எழுதிக்கறேன். க்ளப் பேர் கெடாம, அமைதியா முடிச்சுக்கலாம் நெரிஸ். நானும் பேசல, நீயும் பேச வேண்டாம்."

"உக்காருங்க" என்றாள் நெரிஸ்.

அவர் நின்றார்.

"ராஜினாமாவைக் கூட்டம் ஏத்துக்கணும். விதி பதினாலு. நீங்க எழுதினதுதான். அதுவரைக்கும் நீங்கதான் செயலாளர், குறிப்பு எழுதறது உங்க வேலை. முதல்ல தேர்தல். உக்காருங்க ஹெட்லி. பேனாவை எடுங்க."

அவர் உட்கார்ந்தார். எடுத்தார்.

நெரிசுக்காக உயர்ந்த கைகளை டெக்வென் எண்ணினாள். எண்பத்துமூன்றில் எழுபத்தொன்று. எம்லின் இரண்டு கையையும் தூக்கியிருந்தான். ஒன்றைக் கீழே இறக்கச் சொன்னார்கள்.

நெரிஸ் அங்கியை அவிழ்க்காமலே நீள மேசையைச் சுற்றி வந்து, காலியாக இருந்த அந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. பக்கத்தில் ஹெட்லியின் பேனா காகிதத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"'தற்காலிகத் தலைவர்'னு எழுதியிருக்கீங்க."

பேனா நின்றது.

"முதல் வார்த்தையை அடிங்க."

ஹெட்லி அடித்தார்.